ஜாமீன்தாரர் இல்லாதவருக்கு வாக்கும் இல்லை

2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நாள். வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு புளியமரத்தடியில் நாங்கள் நான்கு பேர் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எந்தக் கட்சிக்காகவும் அல்ல. பெயர் விட்டுப்போனவர்கள், பூத் மாறிப்போனவர்கள், சிலிப் கிடைக்காதவர்கள் என்று காலனியில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஐம்பது அறுபது பேராவது திண்டாடுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த மேசை.

பத்து மணி வாக்கில் ஓர் அம்மா இரண்டு சிலிப்போடு வந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று மகனுடையது. மகன் ஓர் அடிதடி வழக்கில் ஐந்து மாதமாக மத்தியச் சிறையில் இருக்கிறான். "ஏந்தம்பி, இதைக் கொண்டுபோய் அவன்கிட்டக் குடுத்தா அங்கனயே போட்டுருவானா?" என்று கேட்டார். முடியாதும்மா, ஜெயிலில் இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்றோம். அவர் சிலிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எதுக்கு இதைக் குடுத்தாங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் அப்போது சரியான பதில் இல்லை. எங்களில் ஒருவர் சட்டம் படித்தவர். அவருக்கும் நாக்கு எழவில்லை. இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்கு நாங்கள் தாமதமாகச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62, உட்பிரிவு 5. சிறையில் அடைக்கப்பட்டிருப்பவர் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தண்டனை பெற்று இருந்தாலும் சரி, வேறு எந்த வகையில் இருந்தாலும் சரி. போலீஸ் காவலில் இருப்பவருக்கும் இதே கதிதான். அந்த 'வேறு எந்த வகையில்' என்ற சொற்களுக்குள்தான் விசாரணைக் கைதிகள் அத்தனை பேரும் விழுகிறார்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், சட்டத்தின் கண்ணில் இன்னும் நிரபராதிகள்.

அவர்கள் எத்தனை பேர்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல். 2024-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக இரண்டேமுக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வாக்காளர்கள் இருந்தார்கள். ஆக ஒன்றரைத் தொகுதிக்கு மேற்பட்ட மக்கள் எந்தத் தீர்ப்பும் இல்லாமல் வாக்கிழந்து கிடக்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித். பழங்குடியினரும் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகவே இருக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டவர்களையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். ஏன் இப்படி என்று சமூகவியல் வகுப்பில் கேட்டால் வறுமை, கல்வியின்மை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். நாங்கள் கொஞ்சம் கீழே இறங்கி, வீட்டு வரி ரசீதிலிருந்து தொடங்குகிறோம்.

அந்த அம்மாவின் மகனுக்கு மூன்றாவது மாதமே ஜாமீன் கிடைத்துவிட்டது. உத்தரவில் நிபந்தனை: இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒருவர் ரத்த உறவு, இருவரும் சொத்துள்ளவர்கள் என்பதற்கு ஆதாரம். நடைமுறையில் நீதிமன்ற அலுவலகத்தில் கேட்பது வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார். அந்தக் குடும்பம் இருப்பது ஓடைப் புறம்போக்கில். அங்கே எவருக்கும் பட்டா கிடையாது. ஆதி திராவிடர் நலத்துறை கட்டிக்கொடுத்த வீடுகளிலும் பாதிக்கு மேல் தாத்தன் பெயரில்தான் ரசீது இருக்கிறது; தாத்தன் செத்து இருபது வருடம் ஆகிறது. ஊர்த்தெருவில் கேட்கலாம்தான். ஊர்த்தெருக்காரன் சேரிப் பையனுக்கு, அதுவும் ஊர்த்தெருப் பையனோடு நடந்த அடிதடியில், ஜாமீன் நிற்பானா? எதிர்த்தரப்பில் கைதானவர்கள் அனைவரும் இருபது நாளுக்குள் வெளியே வந்து, ஏப்ரல் 19 அன்று எங்கள் கண்முன்னே மை வைத்த விரலோடு போனார்கள்.

வழக்கு ஒன்று. பிரிவுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தரப்பு வாக்களித்தது, இன்னொரு தரப்பு வாக்களிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு வரி ரசீது.

இந்தியாவில் வாக்குரிமையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த ரசீது புதிதல்ல. 1919, 1935 சட்டங்களின் கீழ் சொத்து, வரி, படிப்பு இவற்றில் ஏதேனும் இருந்தவருக்குத்தான் வாக்கு. 1919 ஜனவரியில் சௌத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த அம்பேத்கர், அந்தத் தகுதிகள் அப்படியே இருந்தால் தீண்டப்படாதவர்களில் வாக்காளர் என்று சொல்லிக்கொள்ளக் கைவிரல் அளவுகூட ஆள் தேறாது என்ற நிலையைத்தான் புள்ளிவிவரத்தோடு எடுத்து வைத்தார். சைமன் குழுவின் முன்பும் வயது வந்த அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்று நின்றார். அரசமைப்பின் 326-ஆவது பிரிவு அந்தக் கோரிக்கையை நாட்டின் சட்டமாக்கியது. வரி ரசீதை வாசலோடு வெளியே அனுப்பினோம் என்று நாம் நினைத்தோம். அது சிறை வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் வந்து நிற்கிறது.

326-ஆவது பிரிவு வாக்குரிமையை மறுக்கக்கூடிய காரணங்களை அதுவே சொல்கிறது: அந்த ஊரில் வசிக்காதது, மனநிலை பாதிப்பு, குற்றம், தேர்தல் முறைகேடு. சட்ட மாணவர்கள் இதை ஒருமுறை மூலத்திலேயே எடுத்துப் படித்துப் பாருங்கள். குற்றம் என்பது அங்கே ஒரு காரணம், குற்றச்சாட்டு அல்ல. தண்டனை பெற்றவரைப் பற்றி வாதிட இடம் இருக்கலாம். விசாரணைக் கைதியை எந்தக் காரணத்துக்குள் அடக்குவீர்கள்?

1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைச் செல்லும் என்றது. கைதிகள் அனைவரையும் வாக்களிக்கவிட்டால் கூடுதல் காவலர்களும் ஏற்பாடுகளும் தேவைப்படும். தன் நடத்தையால் சிறைக்குப் போனவர் வெளியில் இருப்பவருக்குச் சமமான சுதந்திரத்தைக் கேட்க முடியாது. குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இவைதான் முக்கியக் காரணங்கள். பிறகு 2020 பிப்ரவரியில், மூன்று சட்ட மாணவர்கள் போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. (மாணவர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். இந்த வேலையை மூத்த தலைவர்கள் எவரும் செய்யவில்லை.)

ஆள் பற்றாக்குறை என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு வாக்குச்சாவடி அமைத்தார்கள். தேர்தல் ஆணையம் அதைப் பெருமையோடு விளம்பரப்படுத்தியது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. 2024-இல் 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே அதிகாரிகள் பெட்டியோடு போனார்கள். ஒரே கூரையின் கீழ், பெயர் பட்டியலோடு, சுற்றுச்சுவரோடு, இரவு பகல் காவலோடு ஆயிரக்கணக்கில் மனிதர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போக ஆள் இல்லையாம்.

குற்றவாளிகளை விலக்கி வைக்கும் வாதம் இன்னும் வேடிக்கை. தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டில் ஜாமீனில் வெளியே இருந்தால் அவர் வாக்களிக்கலாம். தண்டனையே இல்லாத விசாரணைக் கைதி வாக்களிக்க முடியாது. அடுத்து, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. அவர் தபால் வாக்கு போடலாம். அதாவது 'குண்டர்' என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்டு உள்ளே தள்ளியவருக்குச் சட்டப்படி வாக்கு உண்டு, பம்புசெட் மோட்டார் திருடியதாகச் சந்தேகிக்கப்படுபவருக்கு இல்லை. தடுப்புக் காவல் போடுவதில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. ஆனாலும் அப்படித் தபால் வாக்கு போட்ட ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை. குண்டர் சட்டம் பாய்ந்தவர் பெரும்பாலும் இன்னொரு வழக்கில் ரிமாண்டிலும் இருப்பார். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் 2013. சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது என்றால் அவர் வாக்காளரே அல்ல, வாக்காளர் அல்லாதவர் வேட்பாளராகவும் முடியாது என்று அந்த ஆண்டு ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிகள் பதறிப்போயின. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்தியது. சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருக்கும்வரை வாக்காளராகவே கருதப்படுவார். எனவே போட்டியிடலாம் என்று. அம்மா, உங்கள் மகனுக்கு ஏன் சிலிப் வந்தது என்று கேட்டீர்களே, இதனால்தான். பட்டியலில் பெயர் இருப்பது வேட்பாளர்களுக்கு வேண்டியிருக்கிறது. 2024-இல் திகார் சிறையில் இருந்தபடியே பொறியாளர் ரஷீத் பாராமுல்லாவில் உமர் அப்துல்லாவை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். லட்சக்கணக்கானோர் அவருக்கு வாக்களிக்கலாம். அவர் யாருக்கும் வாக்களிக்கக் கூடாது.

சிறையிலிருந்து போட்டியிடும் உரிமையை நாங்கள் எதிர்க்கவில்லை. பொய் வழக்குப் போட்டு ஒருவரை அரசியலிலிருந்தே அப்புறப்படுத்துவது நம் ஊரில் எவ்வளவு எளிது என்பது நமக்குத் தெரியும். வேட்பாளருக்காகச் சில வாரங்களில் அசைந்த நாடாளுமன்றம் வாக்காளருக்காக எழுபது ஆண்டுகளாக ஏன் அசையவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இதுவரை சொன்னது ஒவ்வொருவராக உள்ளே போகும் கதை. அரசு ஒரு பகுதியின் மீது போர் தொடுக்கும்போது ஊர் ஊராகவே உள்ளே போகிறார்கள். எங்களை இதை எழுத வைத்தது அந்த அம்மா மட்டுமல்ல, புர்காபாலும்தான்.

சத்தீஸ்கரின் தென்கோடியில், பஸ்தர் பகுதியில் உள்ளது சுக்மா மாவட்டம். அங்குள்ள புர்காபால் அருகே 2017 ஏப்ரல் 24 அன்று மாவோயிஸ்டுகள் நடத்திய தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 25 பேர் கொல்லப்பட்டார்கள். சாலைப் பணிக்குக் காவலுக்கு வந்தவர்கள், எங்கெங்கோ இருந்து பிழைப்புக்காகச் சீருடை போட்டவர்கள். அந்தச் சாவுகளைக் கொண்டாடுகிறவர்களோடு எங்களுக்குப் பேச்சில்லை. ஆனால் அதன் பிறகு அரசு என்ன செய்தது? சுற்றுவட்டாரக் கிராமங்களில் நுழைந்து ஆதிவாசிகளை அள்ளியது. 121 பேர் மீது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்கு. ஐந்தாண்டில் பெரும்பகுதி விசாரணையே தொடங்காமல் கழிந்தது. ஒருவர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார். 2022 ஜூலையில் தந்தேவாடாவில் உள்ள என்ஐஏ சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. அவர்களைக் குற்றத்தோடு பிணைக்கும் ஆதாரம் எதையும் அரசுத் தரப்பு காட்டவில்லை.

இங்கே ஜாமீன்தாரர் பிரச்சினைகூட இல்லை. உபா சட்டத்தின் 43டி(5) பிரிவு, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் தரக் கூடாது என்கிறது. ரசீது இருந்தாலும் கதவு திறக்காது.

இந்த ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு பெரிய தேர்தல்கள் வந்துபோயின. 2018 நவம்பரில் சட்டமன்றத்துக்கு, 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கு. சுக்மா மாவட்டம் கோன்டா சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அது பழங்குடியினருக்கான தனித் தொகுதி. பஸ்தர் நாடாளுமன்றத் தொகுதியும் அப்படியே. 2018 தேர்தலில் காங்கிரஸ் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, சிறையில் வாடும் ஆதிவாசிகளின் வழக்குகளை மறுஆய்வு செய்வது. அவர்களைப் பற்றிய வாக்குறுதியை அவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லி வாக்குக் கேட்டார்கள். ஆட்சிக்கு வந்தபின் 2019-இல் ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. பட்நாயக் தலைமையில் குழுவும் போட்டார்கள். புர்காபால்காரர்கள் வெளியே வந்தது அதற்கும் மூன்று ஆண்டு கழித்து, நீதிமன்றம் விடுதலை செய்ததால். கைது நடந்தபோது மாநிலத்தில் பாஜக ஆட்சி, சிறையில் கிடந்த காலத்தில் பெரும்பகுதி காங்கிரஸ் ஆட்சி. இந்த விஷயத்தில் எங்களுக்கு இரண்டிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிரமம் இல்லை.

தனித் தொகுதி என்றால் என்ன பொருள்? அந்த மக்களின் குரல் அவைக்குப் போக வேண்டும் என்பது. அந்த மக்களில் போரால் அதிகம் அடிபட்டவர்களைப் பட்டியலில் பெயரோடும் சிறையில் உடலோடும் வைத்துவிட்டு, மீதிப் பேரை வைத்து ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பிரதிநிதி யாருக்கு அஞ்சுவார்? கட்சித் தலைமைக்கும் காவல்துறைக்கும் அஞ்சுவார். சிறையில் இருப்பவர்களுக்கு அஞ்ச அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

பஸ்தரில் அரசு ஆதிவாசிகளை இரண்டு இடங்களில் மட்டும் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒன்று சிறை. இன்னொன்று படை. சல்வா ஜுடும் காலத்தில் படிப்பு அதிகமில்லாத ஆதிவாசி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் துப்பாக்கி கொடுத்து முன்னால் நிறுத்தினார்கள். நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, நிஜ்ஜர் அமர்வு இதை அரசமைப்புக்கு விரோதமானது என்று நிறுத்தியது. சத்தீஸ்கர் அரசு அதே ஆண்டு துணை ஆயுதக் காவல் படைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியது. இன்றும் மாவட்ட ரிசர்வ் காவலர் படையில் முன்வரிசையில் போவது உள்ளூர் ஆதிவாசிகளும் சரணடைந்தவர்களும்தான். 2026 மார்ச் 31-க்குள் மாவோயிஸ்டுகளை ஒழித்துவிடுவோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாள் குறித்தார். நாள் குறித்து நடக்கும் போரில் பிடிபட்டவர் யார், செத்தவர் யார் என்று நிதானமாக விசாரிக்க எவருக்கும் நேரம் இருக்காது. 2025-இல் சுதர்சன் ரெட்டி குடியரசுத் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லாவிட்டால் நக்சல் பிரச்சினை எப்போதோ முடிந்திருக்கும் என்ற பொருளில் அமைச்சர் பேசினார். ஆதிவாசி இளைஞனைக் கேடயமாக்காதே என்று சொன்னது ஒரு நீதிபதியின் மீதான குற்றச்சாட்டாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு வந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 5 அன்று, நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 84. நடுக்குவாதத்தால் கோப்பையைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழாய் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தவர். ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைபட்டிருந்த ஆதிவாசிகளின் கணக்கை எடுத்து, அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டவர் அவர். விசாரணைக் கைதிகளுக்காகப் பேசியவர் விசாரணைக் கைதியாகவே செத்தார். அதே பீமா கோரேகான் வழக்கில் ஆனந்த் தெல்தும்டே சரணடைய வேண்டியிருந்த நாள் 2020 ஏப்ரல் 14. அது எந்த நாள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வழக்கில் முதலில் கைதானவர்கள் வைக்கப்பட்டது புனேயின் எரவாடா சிறையில். நம் அரசியல் பிரதிநிதித்துவம் பேரம் பேசப்பட்டதும் அதே எரவாடாவுக்குள்தான். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியையும் அதோடு பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கையும் தந்தது. காந்தி உள்ளே உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று அம்பேத்கர் கையெழுத்திட்டார்; நம் பக்கத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். மாகாண சபைகளில் 71 இடங்கள் 148 ஆயின. நம் பிரதிநிதியை நாமே தனித்துத் தேர்ந்தெடுக்கும் வாக்கு போய்விட்டது. அந்த ஒப்பந்தம் சரியா தவறா என்று நம் தோழர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள், போடட்டும். ஆனால் அன்று இரண்டு வாக்கில் ஒன்றை இழந்ததற்காக இவ்வளவு பேசும் நாம், இன்று சிறைக்குள் இருப்பவர்களுக்கு மிஞ்சிய அந்த ஒற்றை வாக்கும் இல்லை என்பதைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்?

எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். நாங்கள் பத்தாண்டுக்கு மேலாகச் சிறைக்கு மனு பார்க்க வரும் குடும்பங்களோடு வேலை செய்கிறோம். வாய்தாத் தேதி, வக்கீல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியார் சண்டை என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். அந்த அம்மா கேட்கும்வரை வாக்கு என்ற சொல் எங்கள் வாயில் வந்ததில்லை.

சிறைக்குள் சாதி இல்லையா என்ன? 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும் சாதிவாரியாக அடைப்பதும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பத்திரிகையாளர் ஒருவர் மாநிலம் மாநிலமாகச் சிறைக் கையேடுகளைத் தோண்டி எடுத்ததால் வந்த தீர்ப்பு. அதில் நம் பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் வருகிறது. சாதி மோதலைத் தவிர்க்கத்தான் தனித்தனியாக வைக்கிறோம் என்று முன்பு உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரில் தனிச் சுடுகாடு வைத்திருப்பதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

நம் கூட்டங்களில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். வன்கொடுமை வழக்கில் உள்ளே இருக்கும் சாதிவெறியனுக்கும் வாக்கு கேட்கிறீர்களா? சென்ற மாதம் ஒரு கல்லூரி விடுதியில் பேசியபோது ஒரு தங்கை எழுந்து, தன் அண்ணனை வெட்டியவர்கள் உள்ளே இருக்கிறார்கள், அவர்களுக்குமா அக்கா என்று கேட்டாள். அறை அமைதியாகிவிட்டது. ஆமாம், அவர்களுக்கும்தான் என்றோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். அவர்கள் ஜாமீனில் வரும் நாள் தள்ளி இல்லை. அவர்களுக்கு ரசீது இருக்கிறது, நிலம் இருக்கிறது, சாதிச் சங்கம் வக்கீல் வைக்கிறது. வெளியே வந்ததும் வாக்களிப்பார்கள், வேட்பாளராகவும் நிற்பார்கள். இந்தத் தடை கொலைகாரனை வடிகட்டுவதில்லை. ஜாமீன்தாரர் இல்லாதவனை வடிகட்டுகிறது. நம்மை அடைத்து வைத்திருக்கும் பூட்டை, என்றாவது ஒருநாள் எதிரியும் உள்ளே சிக்குவான் என்ற நம்பிக்கையில் நாம் காத்துக்கொண்டிருக்க முடியாது. அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களோடு வேலை செய்கிறாள்.

தென்னாப்பிரிக்காவில் 1999-இல் அரசமைப்பு நீதிமன்றம் கைதிகள் வாக்களிக்க ஏற்பாடு செய்யுமாறு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. நிறவெறி ஆட்சியில் சிறையும் வாக்குரிமை மறுப்பும் ஒரே கருவியின் இரண்டு முனைகளாக இருந்ததை அனுபவித்தவர்கள் அவர்கள். நமக்கும் அந்த அனுபவம் குறைவில்லை.

62(5)-ஐத் திருத்த வேண்டும். குறைந்தபட்சம் விசாரணைக் கைதிகளை அதிலிருந்து விலக்க வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை. தனித் தொகுதிகளிலிருந்து மக்களவைக்குப் போகும் 84 தலித் உறுப்பினர்களும் 47 பழங்குடி உறுப்பினர்களும் இதை எழுப்ப வேண்டியவர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரைக் கல்லூரி விழாவில் பார்த்தால் கேளுங்கள்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வறிய நிலையில் இருந்த மோதி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்று அவருடைய சகோதரரின் பிணையையும் ஏற்க மறுத்ததை 1978-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துவிட்டது. 2023 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். அந்த அம்மாவின் மகனுக்காக இதைக் காட்டித்தான் மனு போட்டோம். ஜூன் இரண்டாவது வாரம் வெளியே வந்தான். தேர்தல் முடிவு ஜூன் 4-ஆம் தேதியே வந்துவிட்டது.

உங்கள் மாவட்டத்தில் உள்ள சிறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். கடைசியாக நடந்த தேர்தலின் வாக்குப்பதிவு நாளில் அங்கே எத்தனை விசாரணைக் கைதிகள் இருந்தார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பிணை கொடுக்க முடியாமல் அன்று உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக ஏழு நாள் அறிவிப்பு ஆணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில் என்றும் கேளுங்கள். தடுப்புக் காவலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தபால் வாக்குச் சீட்டு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு எழுத நாங்கள் உதவுகிறோம். வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.